சாரலில் வைத்த பலகைகள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்றவனிடம் இப்படிக் கேட்டால் தன் சாதனைகளை அடுக்குவான் என்று நினைத்திருப்பார்கள். அதற்கு என் காலத்து ஆட்கள் வேறு பலர் இருக்கிறார்கள், பேனாவை எடுத்தால் கீழே வைக்க மாட்டார்கள். நான் எழுதப்போவது என் இருபத்தெட்டாவது வயதில் தென்காசியில் செய்த ஒரு தப்பைப் பற்றி. வெடிக்கவில்லை, தீப்பிடிக்கவில்லை, செய்தித்தாளில் வரவில்லை. அதனால் அதைத் தப்பு என்று சொல்லிக்கொள்ளவே எனக்குச் சில வருஷங்கள் பிடித்தன.

உங்களில் சிலரைச் சிறு பட்டறைகளோடு சேர்ந்து ராணுவத்துக்கான சாமான்களை உருவாக்குகிற பிரிவில் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். இப்போது அதற்கு ஒப்பந்தம், படிவம், குழு, கூட்டம் என்று எல்லாம் வந்துவிட்டது. எங்களுக்கு ஒரு இன்லண்ட் கடிதமும் ஒரு ரயில் டிக்கெட்டும்தான் இருந்தன. ஆனால் ஒன்று மட்டும் மாறியிருக்காது. பெரிய கம்பெனி நம்மோடு சேர்ந்தால் அதில் நாலு பேர் நம்மோடு வேலை செய்வார்கள். சின்னப் பட்டறைக்காரர் சேர்ந்தால் அவர் வீடே சேர்ந்து வேலை செய்யும். இது எனக்கு அப்போது தெரியாது.

சீனச் சண்டை முடிந்த கையோடு எங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கெட்டுப்போன டெலிபோன்கள் மூட்டை மூட்டையாக வந்தன. சிப்பாய்கள் காட்டுக்குள் தூக்கிப் போகிற பெட்டி டெலிபோன் அது. பக்கத்தில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் மறுமுனையில் மணி அடிக்கும். அஸ்ஸாமுக்கு அப்பால் மலைக்காட்டில் மாதக்கணக்காக மழையில் இருந்ததில் உள்ளே கம்பி சுற்றிச் செய்த காயில்களில் பூசணம் பிடித்து, கம்பி பச்சையாகி, பேச்சு நின்றுபோயிருந்தது. காயிலின் மேல் பூசும் வார்னிஷ் அந்த ஈரத்துக்குத் தாங்கவில்லை. தாங்குகிற சரக்கு உள்நாட்டில் யாரிடமாவது இருந்தால் எழுதலாம் என்று பத்திரிகையில் ஒரு சின்ன அறிவிப்புக் கொடுத்தோம்.

வந்த கடிதங்களில் ஒன்று தமிழில் இருந்தது. “ஐயா, எங்கள் ஊரில் வருஷத்துக்கு மூன்று மாதம் சாரல். ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் கட்டிய காயில் இன்னும் கிணற்றுக்குள் ஓடுகிறது. வந்து பார்த்துக்கொள்ளவும்.” கீழே செல்லையா, மோட்டார் காயில் கட்டுபவர், தென்காசி என்று கையெழுத்து. எங்கள் பிரிவில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் என்னைப் போகச் சொன்னார்கள். அதற்கு மேல் எனக்கு எந்தத் தகுதியும் இருந்ததாக நினைவில்லை.

செங்கோட்டை போகும் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகைதான் செல்லையா அண்ணாச்சியின் பட்டறை. அண்ணாச்சிக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். இரண்டு கைகளிலும் முழங்கை வரை வெந்து ஆறிய தழும்புகள். கொல்லத்துப் பக்கம் முந்திரிக்கொட்டையை வறுக்கும்போது அதன் தோட்டிலிருந்து ஒரு கறுப்பு எண்ணெய் இறங்கும், தோலில் பட்டால் பொத்துப்போகும். அந்த எண்ணெயை மலைக்கு இந்தப் பக்கம் வரவழைத்து, இன்னும் சிலதைச் சேர்த்துக் காய்ச்சி அவர் தன் வார்னிஷைச் செய்தார். ஐம்பதுகளில் கிணற்றடிக்குக் கரண்ட் வந்து, மோட்டார்கள் இறங்கி, முதல் சாரலிலேயே ஒவ்வொன்றாகப் புகைந்தபோது, அண்ணாச்சி வேறு வழியில்லாமல் கண்டுபிடித்த சரக்கு அது. ஆலங்குளத்திலிருந்தும் வீரகேரளம்புதூரிலிருந்தும் மோட்டாரை வண்டியில் ஏற்றி அவரிடம்தான் கொண்டுவந்தார்கள்.

பட்டாளத்துக்கு எதற்கு இது என்று நான் விளக்கியபோது அண்ணாச்சி முதலில் சிரித்தார். இத்தனை நாள் கத்தரிக்காய்க்குத் தண்ணீர் பாய்ச்சிய சரக்கு இனி சண்டைக்குப் போகப்போகிறதா என்று கேட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “சார், இதுல எனக்கு ஒரு ஆச தான். நம்ம காச்சின சரக்கு பட்டாளத்துச் சாமான்ல இருக்குன்னு ஒருத்தன் சொல்லணும். வேற ஒண்ணும் வேண்டாம்.” அந்த ஆசைக்காக அந்த வருஷ சீசனில் வந்த மோட்டார்களில் பாதியைத் திருப்பி அனுப்பினார். எங்களுக்கு வேண்டிய அளவில் காய்ச்சவும், மாற்றிக் காய்ச்சவும் அவருக்கு நாள் பூராவும் தேவைப்பட்டது. திருப்பி அனுப்பிய வாடிக்கையாளர்கள் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள்.

பரிசோதனை எளிமையானது, விவரம் உங்களுக்கு வேண்டாம். காயில்களைப் பொருத்திய மூன்று வகைப் பலகைகள். அண்ணாச்சியின் வார்னிஷ் பூசிய காயில்கள் கொஞ்சம், வெளிநாட்டு வார்னிஷ் பூசியவை கொஞ்சம், எதுவும் பூசாத வெறும் காயில்கள் கொஞ்சம். மேலே மட்டும் கூரை உள்ள ஒரு சட்டத்தில் இவற்றை வைத்து, சாரல் அடிக்கிற இடத்தில் மூன்று மாதம் விட்டுவிட வேண்டும். வாரம் ஒருமுறை மெகர் என்ற மீட்டரை வைத்து, காயில் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். வெறும் காயில் சீக்கிரம் கெடும், கெட வேண்டும். மற்ற இரண்டையும் அதோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பிடுவோம்.

சட்டத்தை வைக்க எங்களுக்குக் குற்றாலத்தில் இடம் கிடையாது. எழுதிக் கேட்டால் இடம் கிடைப்பதற்குள் சாரல் முடிந்துவிடும். அண்ணாச்சிதான் தன் அக்கா வீட்டு முற்றத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றார். அக்கா பெயர் இசக்கியம்மாள். இலஞ்சியைத் தாண்டிக் குற்றாலம் போகிற வழியில் தென்னந்தோப்பை ஒட்டிய வீடு. கணவர் இல்லை, மகள்களைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். நல்ல இடம், மலையிலிருந்து இறங்குகிற காற்று நேராக முற்றத்தில் வந்து அடித்தது. சிப்பாய்கள் காட்டில் பேசுகிற டெலிபோனுக்கான சாமான் இது என்று அண்ணாச்சி அக்காவிடம் சொல்லி வைத்தார். நான் சட்டத்தை நட்டு, பலகைகளை மாட்டிவிட்டு, மழையில் கிடக்கட்டும் என்றேன். இதைத் தவிர நான் அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தென்காசியில் ஒரு அறை எடுத்துத் தங்கினேன். வியாழக்கிழமைதோறும் காலையில் குற்றாலம் பஸ்ஸில் ஏறிப் போய், மெகர் வைத்துக் குறித்துக்கொள்வேன். வேலை அரை மணி நேரம்தான். அதற்குப் பிறகு அக்கா விட மாட்டார். உளுந்தம்பருப்புச் சோறு, எள்ளுத் துவையல், சில நாள் தேங்காய்ப்பால் சொதி. ஆபீசர் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் மூன்றாவது வாரம் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்தார். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை, அறையில் ஹோட்டல் சாப்பாடு. வாரத்தில் ஒரு நாள் கிடைக்கிற அந்தச் சோற்றுக்காகவே வியாழக்கிழமையை எதிர்பார்க்க ஆரம்பித்துவிட்டேன். பரிசோதனைக்குப் போகிறவன் விருந்துக்குப் போகிறவன் மாதிரி, நாளும் நேரமும் தவறாமல் போனேன்.

அண்ணாச்சியின் காயில்கள் பிரமாதமாக இருந்தன. வெளிநாட்டு வார்னிஷும் நன்றாக இருந்தது. வெறும் காயில்களும் மோசமில்லாமல் இருந்தன. இரண்டு வாரத்தில் செத்துப்போக வேண்டியவை அவை. ஐந்து வாரம், ஆறு வாரம் ஆகியும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கின. என் முதல் மேலதிகாரி, அப்போது ஓய்வு பெற்றுப் போயிருந்தார், என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார்: கெட வேண்டியது கெடவில்லை என்றால் சந்தோஷப்படாதே, யார் அதைத் தொட்டார்கள் என்று கேள். அந்த ஆறாவது வாரம் எனக்கு அது நினைவுக்கு வந்தது. ஆனால் இந்த வருஷம் சாரல் மெலிவாக இருக்கிறது என்று நோட்டில் எழுதினேன். ஐந்தருவியில் ஆள் நிற்க முடியாமல் தண்ணீர் விழுந்துகொண்டிருந்த வருஷம் அது.

ஏன் அப்படி எழுதினேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அண்ணாச்சி ஜெயிக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். அவர் எனக்குப் பிடித்துப்போனார். அவர் ஜெயித்தால் அவரைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தவன் என்ற பெயர் எனக்கு வரும், இன்னும் உறுதிசெய்யப்படாத என் வேலை உறுதியாகும். நல்லெண்ணமும் சுயநலமும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டால் கண் அந்தப் பக்கமே பார்க்கும். உங்களுக்கும் இது நடக்கும். நடக்கும்போது எனக்கு யாராவது எழுதுங்கள், ஆறுதலாக இருக்கும்.

பதினோராவது வாரம் ஆடி அமாவாசை வியாழக்கிழமை வந்தது. அன்று குற்றாலத்துக்குப் பஸ்ஸில் கால் வைக்கவே இடம் இருக்காது என்று அண்ணாச்சி சொன்னதால், புதன்கிழமை மத்தியானமே போனேன். முற்றத்தில் அக்கா சட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெய், கையில் பழைய வேட்டித் துணி. ஒவ்வொரு பலகையாக எடுத்து, ஈரத்தை ஒற்றி, காயிலைச் சுற்றிப் பூத்திருந்ததை மெதுவாகத் துடைத்து, இரும்பு ஆணிகளில் எண்ணெய் தொட்டு வைத்துவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கூச்சப்பட்டார், ஒரு நாள் முன்னதாக வந்துவிட்டேனே, வேலை முடியவில்லையே என்ற கூச்சம்.

“புதங்கிழம பூரா இதான் தம்பி எனக்கு வேல. நீங்க வியாழக்கிழம வருதியள்லா, அதுக்குள்ள தொடச்சு வச்சிருவேன். பூசணம் பூத்துக் கெடந்தா ஒங்க மேலதிகாரி ஒங்களத்தான வைவாரு.”

அந்த ஊரில் சாரல் மாதங்களில் எதைத் தொட்டாலும் பூசணம். செருப்பு, பெல்ட், சாமி படத்துச் சட்டம், தையல் மிஷின், பூட்டு எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் தொட்டு வைத்தால்தான் பொருள் நிற்கும். அதை ஒழுங்காகச் செய்கிற வீடுதான் நல்ல வீடு என்று பெயரெடுக்கும். பலகைகள் கெடுகின்றனவா என்று பார்க்கத்தான் அங்கே வைத்திருக்கிறோம் என்பது அக்காவுக்கு எப்படித் தெரியும்? அரசாங்கத்துப் பொருள், தன் தம்பியை நம்பி வைத்தது, விருந்தாளி வந்து பார்க்கப்போகிறார். துடைக்காமல் விட்டிருந்தால்தான் அந்த வீட்டுக்கு அது அவமானம்.

அந்த நிமிஷம் நான் உட்கார்ந்து அக்காவிடம் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. “சரி அக்கா” என்று சிரித்தேன். மெகரை வைத்துப் பதினோராவது வாரக் கணக்கையும் எழுதிக்கொண்டேன். சாப்பிட்டேன். திரும்பி வரும்போது பட்டறையில் அண்ணாச்சி எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். அது பொய்யும் இல்லை, பலகைகள் பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தன.

என் முன்னால் ஒரு நேரான வழி இருந்தது. பரிசோதனை கெட்டுவிட்டது, கெட்டது என் கவனக்குறைவால், வார்னிஷில் குற்றம் இருப்பதாக இதில் எதுவும் காட்டவில்லை, அடுத்த சாரல் வரை அவகாசம் கொடுங்கள் என்று எழுதியிருக்கலாம். திட்டுவார்கள். உறுதிசெய்வதைத் தள்ளிப்போடுவார்கள். அவ்வளவுதான் போயிருக்கும். இன்று கணக்குப் பார்க்கும்போது அது ஒன்றுமே இல்லை. அன்று எனக்கு அது மலையாகத் தெரிந்தது.

நான் எழுதியது வேறு. அறிக்கை ஆங்கிலத்தில், தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: பலகைகள் நிறுவனத்தாரின் குடும்பத்தினரால் வாரந்தோறும் துடைக்கப்பட்டது நேரில் கண்டறியப்பட்டது, ஆகவே முடிவுகள் ஏற்கத்தக்கவை அல்ல. இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. துடைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை என்ற ஒரு வரி மட்டும் அதில் இல்லை. ஆறாவது வாரமே எனக்குச் சந்தேகம் வந்தது என்ற வரியும் இல்லை. எழுதி முடித்துவிட்டு, உண்மையை மறைக்காமல் எழுதிவிட்டோம் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றும் உடம்பு கூசுகிறது.

கூட்டத்தில் எங்கள் பிரிவுத் தலைவர் அறிக்கையை இரண்டு தடவை படித்தார். நியாயமான மனிதர். என்னைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்.

“தொடக் கூடாது என்று அவர்களிடம் சொல்லியிருந்தாயா?”

“வழக்கமான அறிவுரைகள் கொடுக்கப்பட்டிருந்தன, சார்.”

வழக்கமான அறிவுரைகள் என்று எங்களிடம் எதுவும் இருந்ததில்லை. அது அந்த நிமிஷம் என் வாயில் பிறந்த சொல். கொடுத்தேன் என்று சொல்லவில்லை, கொடுக்கப்பட்டிருந்தன என்றேன். யார் கொடுத்தார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. சொல்லியும் கேட்காமல் துடைத்திருக்கிறார்கள் என்றால் அது ஏமாற்றுதான் என்று முடிவாயிற்று. செல்லையாவின் பட்டறையோடு இனி எந்த வேலையும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று ஃபைலில் எழுதினார்கள். வெளிநாட்டு வார்னிஷை எடுத்துக்கொள்வது என்று தீர்மானித்தார்கள். அதுவும் அதே முற்றத்தில், அதே துணியால் துடைக்கப்பட்டதுதான். ஆனால் அதற்கு ஏற்கெனவே வேறு சான்றிதழ்கள் இருந்தன, முந்திரித்தோட்டு எண்ணெய்க்கு என்னைத் தவிர யாரும் இல்லை.

பரிசோதனையில் தலையிட்டதற்காக உறவு முறிக்கப்படுகிறது என்று அண்ணாச்சிக்குக் கடிதம் போயிற்று. பத்து நாளில் ஒரு கார்டு வந்தது. நாங்கள் ஏமாற்ற நினைக்கவில்லை, அக்காவுக்கு விவரம் தெரியாது, அடுத்த சாரலுக்கு அரசாங்கத்து இடத்திலேயே பலகைகளை வையுங்கள், நாங்கள் யாரும் அந்தப் பக்கமே வர மாட்டோம் என்று எழுதியிருந்தார். என் பெயரைக் குறிப்பிட்டு ஒரு குறையும் சொல்லவில்லை. எனக்கு அது இரண்டாவது வாய்ப்பு. நான் கார்டின் ஓரத்தில் “பார்த்தேன்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஃபைலில் கோத்துவிட்டேன். அடுத்த மாதம் என் வேலை உறுதியாயிற்று.

அறிக்கையில் பொய் எழுதாதீர்கள் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். நான் சொல்வது வேறு. யாரோ ஒருவர் தப்புச் செய்தார் என்று எழுதுவதற்கு முன்னால், அந்த வாக்கியத்தில் உங்களுக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இடம் இருந்து நீங்கள் அங்கே இல்லையென்றால், அதை வேறொருவர் தலையில் கட்டியிருக்கிறீர்கள். பெரிய கம்பெனி என்றால் வக்கீல் வைத்துப் பதில் எழுதும். சின்னப் பட்டறைக்காரர் ஒரு கார்டு போடுவார், அதோடு ஒதுங்கிக்கொள்வார்.

அடுத்த இரண்டு மழைக்காலங்களில் டெலிபோன்கள் திரும்பி வர ஆரம்பித்தன. முன்பு வந்த அளவுக்கு இல்லை, ஆனாலும் வந்தன. திறந்து பார்த்துப் பதிவு செய்கிற வேலை என்னுடையது. வெளிநாட்டு வார்னிஷ் அங்கங்கே வெடித்து, அடியில் கம்பி பச்சையாகியிருந்தது. என் அலமாரியில் அண்ணாச்சியின் சரக்கில் ஒரு டின் மிச்சம் கிடந்தது. யாரிடமும் சொல்லாமல் சில காயில்களில் அதைப் பூசி, ஆய்வுக்கூடத்து ஈர அறையில் அடைத்து, கதவுக்கு முத்திரை வைத்தேன். நூறு நாள் கழித்துத் திறந்தேன். ஒன்றுகூடக் கெடவில்லை. குறிப்பு எழுதிக்கொண்டு பிரிவுத் தலைவரிடம் போனேன். ஏமாற்றுக்காரன் சரக்கை ஏன் தோண்டியெடுக்கிறாய், மூடிய ஃபைலைத் திறக்க வேண்டுமானால் காரணம் எழுதிக் கொடு என்றார். காரணம் எழுத வேண்டுமென்றால் என்னைப் பற்றி எழுத வேண்டும். நான் குறிப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

தென்காசிக்கு நான் மறுபடி போனது அறுபத்தேழில். திருநெல்வேலியில் ஒரு கல்யாணம். அது முடிந்ததும் ஆலங்குளம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டேன். அண்ணாச்சி என்னால் நொடித்துப்போயிருப்பார், அக்காவும் தம்பியும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பார்கள், நான் போய் உண்மையைச் சொன்னால் அவர்கள் சேர்ந்துவிடுவார்கள் என்றெல்லாம் வழி நெடுக யோசித்துக்கொண்டு போனேன். தப்புச் செய்தவனுக்கும் தன்னைப் பற்றி ஒரு பெரிய நினைப்பு இருக்கும்.

தகரக் கொட்டகை அப்படியே இருந்தது. வாசலில் மோட்டார்கள் இருந்தன, முன்னைவிடக் குறைவு. அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் வாங்க சார் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் உட்காராமலே சொல்லி முடித்தேன். அக்காவிடம் தொடக் கூடாது என்று நான் சொல்லாதது, புதன்கிழமை பார்த்தும் பேசாமல் வந்தது, கூட்டத்தில் கேட்டபோது சொன்ன பதில், கார்டு வந்தபோது செய்தது, எல்லாம். அவர் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நாலு வருஷமா இத வயித்துக்குள்ள வச்சுக்கிட்டா இருந்திய?” என்றார். பிறகு தன் கைகளைப் பார்த்தபடி சொன்னார். “எனக்கு வருத்தம் இருந்துச்சு சார். இல்லன்னு சொல்ல மாட்டேன். அக்காவ ரொம்பப் பேசிட்டேன். ஆனா அக்கா தம்பிக்குள்ள எத்தன நாளைக்கு? அந்தத் தீவாளிக்கே சரியாயிட்டு.”

நாலு வருஷம் நான் சுமந்துகொண்டிருந்த சண்டை, நான் இல்லாமலே இரண்டு மாதத்தில் முடிந்திருந்தது. வார்னிஷ் இப்போதும் காய்ச்சுகிறீர்களா என்று கேட்டேன். இல்லை, கடையில் கிடைக்கிறதை வாங்கிப் பூசுகிறேன் என்றார். அந்தக் கடிதத்துக்கு அப்புறம் அடுப்பில் அதை ஏற்ற மனம் வரவில்லை என்றார். சொல்லிவிட்டு எழுந்து சட்டையை மாட்டினார். இதை அக்காவிடமும் சொல்லிவிடுங்கள், அவளுக்கு மனசு ஆறும், வாருங்கள் என்று பட்டப்பகலில் கடையைச் சாத்திவிட்டு என்னைப் பஸ்ஸில் ஏற்றினார்.

அக்காவுக்கு முடி நன்றாக நரைத்திருந்தது. பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொண்டு, தம்பிக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்தார். உள்ளே பாயைப் போட்டு உட்காரவைத்தார். நான் மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னேன். ஒவ்வொன்றும் முதல் தடவையைவிடச் சொல்வதற்குக் கஷ்டமாக இருந்தது. அண்ணாச்சி அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அக்காவுக்குப் பாரம் இறங்குவதைப் பார்க்கிற ஆசை அவருக்கு.

“அத விடுங்க தம்பி. அடுத்தவங்க பொருளக் கேக்காமத் தொட்டது எந் தப்புதான்” என்றார் அக்கா. நான் மறுத்துச் சொல்ல வாயெடுப்பதற்குள், வெகுநாளாகக் கேட்க வைத்திருந்ததைக் கேட்டார்: “இப்பம் அந்த டெலிபோன்லாம் நல்லா பேசுதா? மழையில நிக்கிற பிள்ளையள் கையில உள்ளதுல்லா.”

இத்தனை வருஷத்தில் நான் அண்ணாச்சியை நினைத்திருக்கிறேன், அக்காவை நினைத்திருக்கிறேன், என்னை நிறையவே நினைத்திருக்கிறேன். என் மேஜையில் திறந்து கிடந்த பெட்டிகளில் பூசணத்தைப் பார்த்தேன், பதிவு எண்ணைப் பார்த்தேன். அதன் கைப்பிடியை மழையில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தவன் ஒருவன் இருந்திருப்பான் என்று நான் நினைக்கவேயில்லை. அந்த வீட்டில் பலகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோதே அக்கா அவனைத்தான் நினைத்திருக்கிறார். அண்ணாச்சியும் இப்போது என் பக்கம் திரும்பியிருந்தார்.

இன்னொரு தடவை நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். சொல்ல முடியவில்லை.

“பேசல அக்கா” என்றேன். இரண்டு மழைக்காலத்திலும் திரும்பி வந்ததைச் சொன்னேன். ஈர அறையில் நூறு நாள் வைத்தும் அண்ணாச்சியின் சரக்கு கெடாததைச் சொன்னேன். அண்ணாச்சி எழுந்து வாசல் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

“அப்பம் நான் தொடைக்காம இருந்திருந்தா பேசியிருக்கும்” என்றார் அக்கா.

நான் அவசர அவசரமாகச் சொன்னேன். நீங்கள் துடைத்ததால் இல்லை அக்கா, நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பேசியிருக்கும், தப்பு முழுக்க என்னுடையது என்றேன். நாலு வருஷத்துக்கு முன்னால் கூட்டத்தில் சொல்லியிருக்க வேண்டியதை அந்தப் பாயில் உட்கார்ந்து மூன்று தடவை சொன்னேன். அக்கா எல்லாவற்றுக்கும் சரி என்று தலையாட்டினார். தலையாட்டிவிட்டு, வாசலில் நின்ற தம்பியைப் பார்த்துச் சொன்னார்.

“ஏலே, நான் தொடைக்காம இருந்திருக்கலாம்லா.”